சிவப்புக் கால் மாங்குயில்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் தலை காட்டுகிறது. உங்கள் உடம்பு எப்படி? இந்தக் குளிரில் இடது காதுக்குள் குடையுமே, பஞ்சு வைத்துக்கொள்கிறீர்களா?

உங்கள் பறவைப் புத்தகத்தை எங்கள் அச்சகத்திலேயே அடிக்கப் போகிறார்கள். பதிப்பாளர் அந்தக் கட்டை முதலாளியின் மேசையில் வைத்தபோது நான் பின்னால் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே உங்கள் கையெழுத்து தெரிந்துவிட்டது. டைப் அடிப்பவர் முதல் பக்கத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எழுத்தா, எறும்பு போன தடமா?" என்றார். அட்டைக்குப் பசை தடவும் பசைக்காரம்மா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளி, "இவ அண்ணன் எழுதினதுதான். இவளுக்குப் புரியும்" என்றார். இப்போது தினமும் காலையில் இரண்டு மணி நேரம் நான் வாசிக்கிறேன், அவர் அடிக்கிறார். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றுதான் எட்டாவதோடு நின்றேன். இங்கே கேட்பவர் ஒருவர்தான், அவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் வருகிறது.

முதல் அத்தியாயம் நேற்று முடிந்தது. இடது காது போய், பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீங்கள் மூன்று வாரம் கதவைத் திறக்காமல் கிடந்தது, ஒருநாள் மொட்டை மாடிக்கு ஏறியது, ஒரு குரல் கேட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் திரும்பியது, பத்து வயதுத் தங்கை தண்ணீர்த் தொட்டியைக் காட்டி "அங்க, மஞ்சக் குருவி" என்றது, நீங்கள் திரும்புவதற்குள் அது பறந்துவிட்டது, அது மாங்குயில்தான் என்று நீங்கள் பிறகு முடிவு செய்தது. எல்லாம் அப்படியே இருக்கிறது. 'என் முதல் பறவையை என் தங்கையின் கண்ணால்தான் பார்த்தேன்' என்ற வரியில் என் குரல் இறங்கிவிட்டது. "என்ன, சளியா?" என்று கேட்டார் டைப் அடிப்பவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

~

ஜனவரி 24

என் ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம். அம்மாவை மாடி ஏறவிடாதே. நீ சொன்னபடி பஞ்சு வைத்தேன். அவசரத்தில் கேட்கிற காதில் வைத்துவிட்டு, உலகம் திருந்திவிட்டது என்று அரை நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

நீ வாசிக்க, ஒருவர் அடிக்கிறாரா! நம் வீட்டில் யாருக்குப் பேச்சு வந்தாலும் உனக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

சரணாலயத்து ஏரி நிரம்பியிருக்கிறது. பட்டாளத்தில் எதிரியை எண்ணினேன், இங்கே வாத்தை எண்ணுகிறேன். வாத்து திருப்பிச் சுடாது, அது ஒன்றுதான் வித்தியாசம். அசையாமல் நாலு மணி நேரம் நிற்கப் பழகியது இந்த வேலைக்குத்தான் போலிருக்கிறது.

கல்லூரியிலிருந்து நீர்ப்பறவைகளை ஆராய ஒரு பெண் வந்திருக்கிறாள். வெயிலோ பனியோ, கையில் குடை. காவலாளிகள் 'குடைக்காரி' என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். ஒற்றைக் காதுக்காரனுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வருவதுபோல இருக்கும் என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து என் இடப்பக்கம் நின்று, மடக்கிய குடையால் திசை காட்டுகிறாள். ஒரே வாரத்தில் ஒன்பது புதிய பறவைகள். நீ செய்த வேலையை இப்போது அவள் செய்கிறாள்.

புரூஃப் வந்ததும் அனுப்பு.

அண்ணன்

~

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு இருவரும் நலம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று தெரிகிறது.

புரூஃப் இத்துடன் இருக்கிறது. ஒரு சந்தேகம். குடையை நீட்டினால் பறவைகள் துப்பாக்கி என்று பயந்து பறந்துவிடாதா? நான் விரலைத்தான் நீட்டுவேன், அதையும் மெதுவாக. அந்த ஒன்பதில் நீங்களே கண்ணால் பார்த்தவை எத்தனை?

உங்கள் கடிதத்தைப் பசைக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என்னடி, காதுல புகை வருது? பசைச் சட்டியைத் தள்ளி வை, கொதிச்சிடப் போவுது" என்றார். அவருக்கு எப்போதும் விளையாட்டுத்தான். எனக்கு ஒன்றும் இல்லை. படித்தவர்கள் உங்களுக்கு உதவி செய்வது நல்லதுதான். நான் எட்டாவது. குடையும் இல்லை.

உங்கள் தங்கை

~

பிப்ரவரி 20

கோட்டானுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமா? உன் கடிதம் கொஞ்சம் சுருக்கென்று இருந்ததே, வேலை அதிகமா?

ஒரு சின்ன விஷயம். நீ அனுப்பிய புரூஃபைக் குடைக்காரி படித்தாள். முதல் அத்தியாயத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சார், மாங்குயில் கூச்சக்காரப் பறவை. இலைக்குள்ளயே இருந்து கூப்பிடும். வெட்டவெளியில தொட்டி மேல வந்து உக்காந்து பாடுமா?" என்றாள்.

"என் தங்கச்சி பாத்தா" என்றேன்.

"பத்து வயசுப் பொண்ணு, சார்."

"பத்து வயசுல அவளுக்கு இருந்த கண்ணு எங்க பட்டாளத்துல யாருக்கும் இல்ல" என்றேன்.

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஆனால் புத்தகத்தில் வருகிற விஷயம். உனக்கு நினைவிருப்பதை எழுது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது? அலகு, கால், இறக்கை எல்லாம் என்ன நிறம்? நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது. அதுவும் ஒரு பதில்தான்.

அண்ணன்

~

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் இன்று பகலில் வந்தது. சாப்பாட்டு வேளையிலேயே பதில் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் மாடி ஏறும் முன்பே வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்க மஞ்சள், இறக்கை கறுப்பு. கண்ணுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடு. அலகு சிவப்பு, கால் சிவப்பு. தொட்டியின் விளிம்பில் இரண்டு தடவை நடந்தது. கால் சிவப்பாக இருந்ததை மறக்கவே முடியாது.

கல்லூரியில் படித்தவர்கள் புத்தகத்தில் இருப்பதைத்தான் நம்புவார்கள். நான் நேரில் பார்த்தவள். உங்கள் பக்கத்தில் நின்றவளும் நான்தான். அவர் அன்று எங்கே இருந்தாராம்?

உங்கள் தங்கை

~

மார்ச் 15

கோட்டானுக்கு,

நலம் என்று எழுதுகிறேன். அம்மாவிடமும் அப்படியே சொல்.

உன் கடிதத்தைக் குடைக்காரியிடம் காட்டினேன். "மாங்குயிலுக்குக் கால் சாம்பல் நிறம், சார். உலகத்துல எங்க இருந்தாலும் சாம்பல்தான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என் தங்கச்சி பொய் சொல்றாங்கறியா?" என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும், கொக்குகள் எழுந்துவிட்டன.

"நான் கால் கலரைத்தான் சொன்னேன்" என்றாள். மறுநாள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வடகரைக் கொட்டகைக்குப் போய்விட்டாள். இரண்டு வாரமாகத் தனியாகச் சுற்றுகிறேன். நேற்று தெற்கே கத்திய நாரையை வடக்கே தேடிச் சேற்றில் இடுப்பளவு இறங்கிவிட்டேன்.

போகட்டும். உன் வார்த்தை எனக்குப் போதும். முதல் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்திருக்கிறேன், இத்துடன் வருகிறது: 'சிவப்புக் கால் உடைய மாங்குயில், நேரில் கண்டது.' பறவை ஆய்வாளர்களின் இதழுக்கும் இதையே ஒரு குறிப்பாக எழுதப் போகிறேன். அங்கே இருப்பவர்கள் பொல்லாதவர்கள், தவறு என்றால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். பட்டாளத்தான் பறவையைப் பற்றி எழுதுவதா என்று ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனால் உண்மை இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

அண்ணன்

~

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. சேற்றில் இறங்கினீர்களே, காலில் ஏதாவது குத்தியதா?

அடிக்குறிப்பை டைப் அடிப்பவரிடம் கொடுத்துவிட்டேன். பதினாறு பக்கம் சேர்த்து அடிக்கும் தாள்தான் ஒரு ஃபாரம்; மற்ற பத்து ஃபாரமும் மிஷினில் ஏறிவிட்டன. முதல் பதினாறு பக்கமுள்ள ஃபாரம்தான் கடைசியில் ஏறும்.

அவர் வடகரைக்குப் போனது நல்லதுதான் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். லீவு எடுத்து இரண்டு வாரம் நான் அங்கே வரட்டுமா? இடப்பக்கம் நிற்பேன்.

இதழுக்கு இப்போதே எழுத வேண்டுமா? அவசரம் இல்லையே.

உங்கள் தங்கை

~

ஏப்ரல் 3

முகம் தெரியாத தங்கைக்கு,

நலமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்காதே. உன் அண்ணன் உன்னைப் பற்றிப் பேசாமல் ஒரு டீகூடக் குடிப்பதில்லை. 'எங்க கோட்டான் இருந்தா', 'எங்க கோட்டான் பாத்தா' என்று கேட்டுக் கேட்டு என் காதும் போய்விடும் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நாள் முழுக்கக் குடையைத் தூக்கி நிற்பவள் நான், பெயர் வாங்குபவள் நீ.

முந்தாநாள் டீக்கடைக்காரர் அடுப்புப் பற்றவைத்துவிட்டுத் தீப்பெட்டியை என் முன்னால் வைத்தார். அதன் மேலிருந்த படத்தைக் கிழித்து இத்துடன் அனுப்புகிறேன். மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, கண்ணருகே கோடு. கால் சிவப்பு. மூன்று மையில் மலிவாக அடித்த படம், அதில் சாம்பல் நிறத்துக்கு எங்கே போவார்கள்? அச்சகத்தில் இருப்பவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை அவரிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். இருபதாம் தேதி ஊருக்குத் திரும்புகிறேன். அவர் அந்தக் குறிப்பை இதழுக்குச் சுத்தமாக எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறார். புத்தகம் கைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து அனுப்புவாராம். அதற்குப் பிறகு அவர் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நாரையைப் பற்றி எழுதினாலும் சிவப்புக் காலைத்தான் கேட்பார்கள்.

வேறு ஒன்றும் இல்லை. நலமாக இரு.

குடைக்காரி

~

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுக் காலை முதல் ஃபாரம் மிஷினில் ஏறியது. நான் போய் மிஷின்காரர் பக்கத்தில் நின்றேன். முப்பது நாற்பது தாள் விழுந்திருக்கும். "நிறுத்துங்க" என்றேன். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அவர் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தார். "அடப்பாவி, இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா!" என்றார். எல்லாரும் திரும்பிவிட்டார்கள். முதலாளி எழுந்து வந்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான். அந்தப் பக்கத்துல இருக்கறது பொய்."

"உங்க அண்ணன் பொய் எழுதியிருக்காரா?"

"அவரு நான் சொன்னதை எழுதினாரு. நான் சொன்னது பொய்."

முதலாளி அச்சான தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "எழுதினவர் கிட்டேருந்து கடுதாசி வரட்டும். அது வரைக்கும் கட்டி வை" என்றார். பசைக்காரம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, விழுந்திருந்த தாள்களைக் கட்டி வைத்தேன்.

அண்ணா, தொட்டியின் மேல் எந்தப் பறவையும் இல்லை. நீங்கள் கேட்டது எதிர்வீட்டு ஜன்னல். காற்றில் அதன் கீல் அப்படித்தான் கூப்பிடும், பிறகும் நிறைய நாள் கூப்பிட்டது. மூன்று வாரமாக யாரிடமும் பேசாத நீங்கள் "எங்க? எங்க?" என்று என்னைக் கேட்டீர்கள். ஜன்னல் என்று சொன்னால் திரும்பவும் கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள் என்று பயந்தேன். மஞ்சக் குருவி என்று வாயில் வந்தது. சமையலறைத் தீப்பெட்டியில் இருந்த குருவி. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள். மறுநாள் நோட்டு வாங்கிவரச் சொன்னீர்கள்.

குடைக்காரி அக்கா சொன்னது சரி. இதழுக்கு வைத்திருக்கும் உறையைக் கிழித்துவிடுங்கள். அவரைப் போகவிடாதீர்கள்.

முதல் அத்தியாயத்தைத் தவிர இந்தப் புத்தகத்தில் எங்கும் நான் இல்லை. பதினோரு ஃபாரத்தையும் வாசித்தவள் என்பதால் தெரியும். அதை எடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கை

~

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். உங்கள் நலம் தெரியவில்லை.

நான்கு வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலைப் பார்க்காமலே போகிறார். "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று அம்மா கேட்கிறாள். ஒன்றும் இல்லை என்கிறேன். "ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்கிறாள்.

பத்து ஃபாரமும் மடித்துத் தைத்துச் சுவரோரம் அடுக்கியிருக்கிறோம். எடுத்தால் பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது. தலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து மடிக்கிறேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை

~

ஜூன் 2

தங்கைக்கு,

உடம்பு நலம். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். திட்டி நாலு கடிதம் எழுதினேன், நாலையும் கிழித்தேன். ஏழு வருடமாக யார் கேட்டாலும் 'நான் எப்படிப் பறவை பார்க்க வந்தேன் தெரியுமா' என்று அந்த மாங்குயிலைத்தான் சொன்னேன். பட்டாளத்திலிருந்து வரும் பழைய கூட்டாளிகளிடமும் சொன்னேன். ஒரு ஜன்னல் கீலுக்காக வாழ்க்கையை மாற்றிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

குடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்க வடகரைக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஜன்னல் கீலா, சார்?" என்று கேட்டு அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அவள் இந்த வருடம் முழுக்க இங்கேயே இருக்கப் போகிறாள். இடப்பக்கத்துக்கு வந்துவிட்டாள். உறையை அவள் முன்னாலேயே கிழித்தேன்.

முதல் பதினாறு பக்கத்தைப் புதிதாக எழுதி அனுப்புகிறேன். ஜன்னல் இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, நீயும் இருக்கிறாய். ஆனால் பொய் சொன்னவளாக இருக்கிறாய். வேறு மாதிரி எழுத எனக்கு வழியில்லை. உன்னோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் படிப்பார்கள், அதை யோசித்துக்கொள். உனக்கு வேண்டாம் என்றால் புத்தகம் பதினேழாம் பக்கத்திலேயே தொடங்கட்டும். கேட்பவர்களுக்கு எலி தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் அது மிஷினில் ஏறாது.

அண்ணன்

~

ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் குடைக்காரி அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

புதிய பக்கங்களை இன்று காலை டைப் அடிப்பவருக்கு வாசித்தேன். பாதியில் கரண்ட் போய், மிஷின் நின்றுவிட்டது. அச்சகம் முழுக்க என் குரல் மட்டும் கேட்டது. நிறுத்தலாமா என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாததால் டைப் அடிப்பவரும் கையைக் கட்டிக்கொண்டு கதை கேட்டார். முடிந்ததும் பசைக்காரம்மா ஒரு தாளால் எனக்கு விசிறிவிட்டார். மிஷின்காரர், "எங்க வீட்டு ஜன்னலும் கத்தும். நான் எண்ணெய் விட்டுட்டேன். இல்லேன்னா நானும் எழுத்தாளர் ஆயிருப்பேன்" என்றார்.

எனக்குச் சம்மதம். ஒரு பிழை மட்டும் இருக்கிறது.

'என்மேல் இரங்கி என் தங்கை ஒரு பொய் சொன்னாள், அது அப்படியே நின்றுவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதில் சொன்னது உங்களுக்காகத்தான். ஆனால் அது தானாக நிற்கவில்லை. பிப்ரவரியில் நான் எழுதிய ஐந்து நிமிடமும், சிவப்புக் காலும், தொட்டி விளிம்பில் நடந்ததும் எனக்காக. நினைவில்லை என்று எழுதினால் போதும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். உங்கள் இடப்பக்கத்தில் வேறொருவர் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வடகரைக்குப் போனார் என்று படித்த அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. நல்லதுதான் என்று அம்மா சொன்னதாக எழுதினேனே, அம்மா சொல்லவில்லை.

இரக்கம் என்று மட்டும் அச்சடித்தால் அதுவும் சாம்பல் காலைச் சிவப்பு என்று எழுதுவதுபோலத்தான். வரிகளை எண்ணிப் பார்த்தேன். பதினாறாம் பக்கத்தின் அடியில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்புவதற்குள் நாளாகிவிடும் என்று நானே எழுதினேன். மூன்று வரி வந்தது.

'ஏழு ஆண்டு கழித்து அந்தப் பொய்யை அவள் மறுபடியும், முன்னைவிடப் பெரிதாகச் சொன்னாள். என் பக்கத்தில் இன்னொருவர் நின்ற பொறாமையில் சொன்னாள். இதை அவளே எனக்கு எழுதினாள்.'

உங்கள் எழுத்துப் போல இல்லை என்றால் திருத்திக்கொள்ளுங்கள். 'பொறாமை' என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். சரி என்று ஒரு கார்டு போட்டால் மறுநாளே மிஷினில் ஏறிவிடும்.

அந்தப் பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை, அண்ணா. 'இடப்பக்கத்துக்கு வந்துவிட்டாள்' என்ற இடத்தைப் படித்தபோது கடிதத்தைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தேன். அதையும் சேர்க்கலாம் என்று பார்த்தால் பக்கத்தில் ஒரு வரிதான் மீதி இருக்கிறது. அதற்குள் அடங்காது. காலியாகவே விடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கை